சியோல்: தலைநகரம் யாருடையது?

கொரிய நாட்டின் தலைநகரம் சியோல். 1394-ம் ஆண்டில் அது தலைநகரமாயிற்று. இடையில் சில ஆண்டுகள் தவிர, அரச வம்சம் ஆண்டபோதும், அந்நியன் ஆண்டபோதும், தேசம் இரு துண்டாகப் பிளக்கப்பட்ட பின்பும், அந்த மண்ணின் அதிகார பீடம் அங்கேதான் இருந்து வருகிறது. வடக்கே பியாங்யாங்கில் அமைந்த அரசுகூட, தனது 1948-ம் ஆண்டு அரசியல் சட்டத்தில் சியோலைத்தான் தலைநகரம் என்று எழுதி வைத்தது. 1972-ல்தான் அதை மாற்றியது. கொரிய மக்களின் மனத்தில் அந்த நகரத்துக்குள்ள இடம் அத்தகையது.

இன்று தென் கொரியாவின் ஜனத்தொகை 5 கோடிக்குச் சற்று மேல். சியோல் நகர எல்லைக்குள் மட்டும் 90 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். சுற்று வட்டாரத்தையும் சேர்த்தால், தேசத்தில் பாதிப் பேருக்கு மேல் அங்கேதான் இருக்கிறார்கள். நாடாளுமன்றமும், பெரு முதலாளிகளின் தலைமைக் காரியாலயங்களும் அங்கே குவிந்திருக்கின்றன.

முதலாளித்துவப் பத்திரிகைகள் சியோலைப் பற்றி எழுதாத நாளில்லை. வானை முட்டும் மாடிகள், மோட்டார் கார்கள், கைத்தொலைபேசிகள், சினிமாக்கள்! 'ஹான் நதிக்கரையின் அற்புதம்' என்று புகழ்கிறார்கள். அந்த அற்புதத்தைச் செய்தவர்கள் யார்? அந்தப் பத்திரிகைகளில் அவர்கள் பெயர் வருவதில்லை. ஆகவே நாம் எழுதுகிறோம்.

மதிலைச் சுமந்தவர்கள்

ஜோசன் வம்சத்தை நிறுவிய யி சொங்-கே என்ற தளபதி, நான்கு மலைகளுக்கு நடுவே, ஹான் நதிக்கு வடக்கே இந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்தான். அன்று அதன் பெயர் ஹான்யாங். 1395-ல் அரண்மனை எழுந்தது. 1396-ல் மலை முகடுகளின் மேல், 18 கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள மதில் எழுந்தது. முதலில் 49 நாள், பின்னர் 49 நாள், ஆக 98 நாட்களில் அது கட்டி முடிக்கப்பட்டது. கட்டியவர்கள் சுமார் 1,97,000 பேர். கூலிக்கு வந்தவர்கள் அல்லர். மாகாணந்தோறும் இழுத்து வரப்பட்ட குடியானவர்கள். நம் பாட்டன்மார் 'அமஞ்சி' என்று சொன்னார்களே, அதே அமஞ்சி வேலை.

மண்ணால் கட்டிய பகுதிகள் சரிந்தன. 1422-ல் மதில் முழுவதையும் கல்லால் கட்ட உத்தரவு பிறந்தது. இம்முறை மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரை இழுத்து வந்தார்கள். அன்று நகரத்துக்குள் வாழ்ந்த ஜனங்களே ஒரு லட்சம் பேர்தான்! 38 நாட்களில் வேலை முடிந்தது. மாண்டவர்கள் 872 பேர் என்று அரசனின் குறிப்பேடே கணக்குச் சொல்கிறது. இன்றும் அம்மதிலின் கற்களில் ஊர்ப் பெயர்கள் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். உழைத்தவர்களைக் கௌரவிக்க வெட்டியவை அல்ல அவை. எந்தப் பகுதி இடிந்ததோ, அதைக் கட்டிய ஊராரே திரும்பி வந்து சரி செய்ய வேண்டும், அதற்கான அடையாளம்!

மதிலுக்கு எட்டு வாசல்கள். இரவில் மணி 28 முறை அடித்தால் வாசல்கள் சாத்தப்படும்; விடியுமுன் 33 முறை அடித்தால் திறக்கப்படும். யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவன் உள்ளே இருப்பவன். சியோலின் 600 ஆண்டு வரலாறும் இந்த வாசலின் வரலாறுதான்.

1592-ல் ஜப்பானியப் படை நெருங்கியபோது அரசன் இரவோடிரவாக நகரத்தை விட்டு ஓடினான். கைவிடப்பட்ட ஜனங்கள் முதலில் தீ வைத்த இடங்களில் ஒன்று, அடிமைகளின் பதிவேடுகள் வைக்கப்பட்டிருந்த காரியாலயம் என்று அரச வரலாறு கூறுகிறது. அரண்மனையும் எரிந்தது. அதை 1865 முதல் மறுபடி கட்டியபோது, செலவுக்காக 'விருப்பக் காணிக்கை' என்று வசூலித்தார்கள். நகர வாசலில் நுழைவோரிடம் வரி வாங்கினார்கள். செல்லாக் காசை அச்சடித்து விலைவாசியை ஏற்றினார்கள். கொரிய மொழியில் 'விருப்பம்' என்பதற்கும் 'வயிற்றெரிச்சல்' என்பதற்கும் உச்சரிப்பு ஒன்றே. ஜனங்கள் அதை 'வயிற்றெரிச்சல் காணிக்கை' என்றே வழங்கினார்கள்.

வாசலை எட்டாத விவசாயிகள்

விவசாயத் தொழிலாளர்கள் 1894-ம் ஆண்டுக் கதையைக் கேட்க வேண்டும். தென் மேற்கே கோபு என்ற வட்டாரத்தில், பழைய அணை ஒன்று இருக்கும்போதே, புதிதாக ஒன்றை விவசாயிகளைக் கொண்டு கூலியின்றிக் கட்ட வைத்தான் ஓர் அதிகாரி. கட்டி முடிந்ததும், அந்தத் தண்ணீருக்கு வரி போட்டான்! கட்டியவனிடமே வரி! பொறுத்துப் பொறுத்துப் பார்த்த விவசாயிகள், ஜொன் போங்-ஜுன் என்பவர் தலைமையில் எழுந்தார்கள். அணையை உடைத்தார்கள், களஞ்சியத்தைத் திறந்தார்கள். மே மாத முடிவில் ஜொன்ஜு நகரம் அவர்கள் கையில் விழுந்தது.

சியோலில் இருந்த அரசாங்கம் என்ன செய்தது? குறையைக் கேட்டதா? இல்லை, சொந்தக் குடிகளை அடக்க, சீனத்து மன்னனின் படையைக் கூப்பிட்டது. சீனப் படை வந்ததும், கூப்பிடாமலே ஜப்பானியப் படையும் வந்து இறங்கியது. ஜூலை 23 அன்று அரண்மனையையே பிடித்துக் கொண்டது. மீண்டும் எழுந்த விவசாயிகள் தலைநகரை நோக்கி நடந்தார்கள். சியோலுக்குத் தெற்கே கோங்ஜு நகரத்தை ஒட்டியுள்ள உகும்சி கணவாயில், ஜப்பானியரும் அரசாங்கப் படையும் நவீனத் துப்பாக்கிகளுடன் காத்திருந்தார்கள். மூங்கில் ஈட்டியும் நாட்டுத் துப்பாக்கியும் ஏந்தியவர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். ஜொன் போங்-ஜுன் சியோலுக்குள் வந்தார்; கைதியாக, கால் முறிந்த நிலையில், தூக்கி வரப்பட்டார். 1895-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஆனால் அந்தப் போர் வீணாகவில்லை. அதே 1894-ல் அரசாங்கம் அடிமை முறையைச் சட்டப்படி ஒழிக்க நேர்ந்தது. வாசலை எட்டாவிட்டாலும், விவசாயிகள் கதவை அசைத்து விட்டார்கள்.

அந்நியன் காலடியில்

சொந்த ஜனங்களுக்கு அஞ்சி அந்நியனை அழைத்தவர்கள், 1910-ல் தேசத்தையே ஜப்பானிய ஏகாதிபத்தியத்திடம் இழந்தார்கள். நகரத்தின் பெயரே மாற்றப்பட்டது. அரண்மனைக்கு முன்னால், அதை மறைத்துக் கொண்டு, கவர்னர் ஜெனரலின் மாபெரும் மாளிகை 1926-ல் எழுந்தது. ஹான் நதிக்குத் தெற்கே யோங்துங்போவில் நூற்பாலைகள் எழுந்தன; ஏழை விவசாயிகளின் பெண்கள் அங்கே தறிகளுக்கும் கதிர்களுக்கும் இரையானார்கள். 1919 மார்ச் 1 அன்று நகரத்தின் நடுவிலுள்ள பூங்காவில் விடுதலைப் பிரகடனம் படிக்கப்பட்டது. சுதந்திர முழக்கம் நாடெங்கும் பரவியது. ஜப்பானியர் துப்பாக்கியால் பதில் சொன்னார்கள்.

1945-ல் ஜப்பான் சரணடைந்தது. கொரியர்கள் கொண்டாடி முடிக்குமுன் 38-வது பாகையில் கோடு கிழிக்கப்பட்டது. தெற்கே அமெரிக்க ராணுவ ஆட்சி. ஜப்பானியனிடம் சேவகம் செய்த போலீஸ்காரர்களில் பலர் அதே உத்தியோகத்தில் தொடர்ந்தார்கள். 1946 செப்டம்பரில் ரயில்வே தொழிலாளர்கள் அரிசியும் கூலி உயர்வும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, சியோலின் யோங்சான் ரயில் தொழிற்சாலை தாக்கி நொறுக்கப்பட்டது.

பின்னர் வந்தது யுத்தம். 1950 ஜூன் 25 அன்று வடக்கின் படை எல்லையைக் கடந்தது. ஜனாதிபதி சிங்மன் ரீ 27-ம் தேதியே சியோலை விட்டுப் போய்விட்டு, ஜனங்களைக் கலங்க வேண்டாமென்று வானொலியில் பேசினார்! 28-ம் தேதி விடியுமுன், ஜனங்கள் கடந்து கொண்டிருக்கும்போதே, ஹான் நதிப் பாலத்தை அவருடைய படையே வெடி வைத்துத் தகர்த்தது. 1592-ன் அரசன் ஓடிய கதை திரும்பி வந்தது. ஓராண்டுக்குள் நகரம் நான்கு முறை கை மாறியது. 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் ஏற்பட்டது. சமாதான உடன்படிக்கை இன்று வரை இல்லை. போர்நிறுத்தக் கோடு சியோலிலிருந்து 50 கிலோ மீட்டர் தூரத்தில்தான் ஓடுகிறது. 'எதிரி பக்கத்தில் இருக்கிறான்' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே, கூலி கேட்டவனையும் வாக்குரிமை கேட்டவனையும் பல ஆண்டுகள் சிறையில் தள்ளினார்கள்.

அமைதிச் சந்தையின் தையல்காரன்

1960 ஏப்ரலில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 180-க்கும் மேற்பட்டோர் உயிரைக் கொடுத்து சிங்மன் ரீயை விரட்டினார்கள். மறு ஆண்டே, 1961 மே 16 அன்று, பார்க் சுங்-ஹீ என்ற ராணுவத் தளபதி ஆட்சியைப் பறித்தார். ஏற்றுமதிதான் தேசம் என்றார். மலிவான சரக்குக்கு மலிவான கூலி வேண்டும். மலிவான கூலிக்கு மலிவான தானியம் வேண்டும். நம் நாட்டுக்கு வந்த பி.எல். 480 அமெரிக்கத் தானியம் அங்கும் வந்து குவிந்தது. நெல்லுக்கு விலை கிடைக்காத குடும்பங்கள் மூட்டை முடிச்சுடன் சியோலுக்கு ரயிலேறின. 1960-ல் சுமார் 24 லட்சமாயிருந்த ஜனத்தொகை, பத்தே ஆண்டுகளில் 55 லட்சத்தை நெருங்கியது. ஓடைக் கரையிலும் மலைச் சரிவிலும் பலகைக் குடிசைகள் பெருகின.

நகரத்தின் நடுவே ஓடும் சோங்கே ஓடையின் ஓரம், வடக்கிலிருந்து வந்த அகதிகள் உண்டாக்கிய 'அமைதிச் சந்தை' என்ற துணிச் சந்தை இருக்கிறது. கீழே கடை, மேலே தையல் பட்டறை. முதலாளிகள் ஒரு தளத்தின் உயரத்தைப் பாதியாகப் பிரித்துப் பரண் போட்டார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத அந்தப் பரண்களிலும் நெருக்கமான பட்டறைகளிலும், அக்கம்பக்கத்துச் சந்தைகளையும் சேர்த்து, 20,000-க்கு மேற்பட்டோர் உழைத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். கைவேலைக்கு உதவும் சிறுமிகளில் பலருக்கு வயது 13, 14, 15. நாளுக்கு 14 மணி நேர வேலை. மாதத்தில் இரண்டே ஞாயிறு ஓய்வு. சிறுமியின் ஒரு நாள் கூலி, கடையில் ஒரு கோப்பை காப்பி விலைக்கு மேல் இல்லை. பஞ்சுத் தூசி எப்படி மார்புக்குள் இறங்கும் என்பதை நமது ஆலைத் தொழிலாளிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அங்கே கட்டிங் வேலை பார்த்தவர் ஜொன் தே-இல் என்ற வாலிபர். 1948-ல் பிறந்தவர், பள்ளிப் படிப்பு முடியாதவர். பட்டினி கிடக்கும் சிறுமிகளுக்குத் தமது பஸ் காசில் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவில் பல மைல் நடந்தே வீடு போவார். நடுநிசி ஊரடங்கு வேளையில் போலீஸ் பிடித்து வைத்த இரவுகளும் உண்டு.

ஒரு நாள் அவருக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. நாட்டில் தொழிலாளர் தரச் சட்டம் என்று ஒன்று 1953 முதலே இருக்கிறது! எட்டு மணி நேர வேலை என்று அதில் எழுதியிருக்கிறது! புத்தகத்தைக் கடன் வாங்கிய காசில் வாங்கினார். சீன எழுத்துக்கள் நிறைந்த அந்தச் சட்டப் பாஷை அவருக்குப் புரியவில்லை. படித்த மாணவ நண்பன் ஒருவன் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஏங்கினார். ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படித்தார். 1969-ல் தோழர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார். அதற்கு 'முட்டாள்கள் சங்கம்' என்று பெயர். உரிமை இருப்பதே தெரியாமல் இத்தனை நாள் உழைத்தோமே, நாம் முட்டாள்கள்தானே என்றார்கள். பட்டறை பட்டறையாகக் கேள்வித் தாள் கொடுத்து விசாரித்தார்கள். பதில் சொன்ன 126 பேரில் 96 பேருக்கு நெஞ்சு நோய்! அந்தக் கணக்கை எடுத்துக் கொண்டு தொழிலாளர் இலாகாவின் படியேறினார்கள். வாக்குறுதி வந்தது; பரிகாரம் வரவில்லை.

1970 நவம்பர் 13 அன்று, பயனற்ற அந்தச் சட்டப் புத்தகத்தைக் கொளுத்துவதென்று கூடினார்கள். போலீஸ் தடுத்தது. ஜொன் தே-இல் தம் உடலுக்கே தீ மூட்டிக் கொண்டார். "நாங்கள் இயந்திரங்கள் அல்ல! தொழிலாளர் தரச் சட்டத்தை அமல் செய்!" என்ற முழக்கத்துடன் விழுந்தார். அன்றிரவு உயிர் பிரிந்தது. வயது 22.

அந்தச் சாவை நாம் வழிகாட்டியாகக் கொள்ளவில்லை. அப்படிப்பட்ட ஓர் உயிர் வாழ்ந்து, சங்கத்தை நடத்தியிருக்க வேண்டும் என்றே துக்கப்படுகிறோம். உள்ள சட்டத்தை அமல் செய் என்று கேட்க ஒரு வாலிபன் உயிரைக் கொடுக்க நேர்ந்ததே, அந்த ஆட்சிக்கு அதைவிடக் கேவலம் என்ன? அவருடைய தாயார் லீ சோ-சொன் அம்மையார் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. இரண்டே வாரத்தில், நவம்பர் 27 அன்று, அந்தச் சந்தையில் துணித் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. அம்மையார் 2011-ல் மறையும் வரை தொழிலாளர் போராட்டங்களில் நின்றார். சாவு செய்யாததைச் சங்கம் செய்தது. மகன் கேட்ட வேலை நேரக் குறைப்பை, ஆண்டுக்கணக்கில் போராடி, படிப்படியாக அது வாங்கியது.

பெண்கள் கிளப்பிய புயல்

1979 ஆகஸ்டில், மூடப்பட்ட ஒரு டோப்பாத் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் 170-க்கும் மேற்பட்டோர், சியோலில் எதிர்க்கட்சியின் காரியாலயத்தில் அமர்ந்தார்கள். போலீஸ் பட்டாளம் புகுந்து இழுத்தெறிந்தது. கிம் கியொங்-சுக் என்ற பெண் தொழிலாளி உயிரிழந்தார். அந்தச் சம்பவம் மூட்டிய நெருக்கடி ஓயவில்லை. அக்டோபர் 26 அன்று பார்க் சுங்-ஹீயை அவருடைய உளவுத் துறைத் தலைவனே சுட்டுக் கொன்றான். பதினெட்டு ஆண்டு சர்வாதிகாரம் முடிந்தது.

ஆனால் தளபதி போய்த் தளபதி வந்தான். 1985 ஜூனில், சியோலின் குரோ தொழிற்பேட்டையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் சங்கத் தலைவர்கள் கைதானபோது, பக்கத்துத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 'அவனுக்கு வந்தது நாளை நமக்கு' என்ற உணர்வு பிறந்தது. 1987 ஜூனில் மாணவர்களும் உத்தியோகஸ்தர்களும் தெருவை நிறைத்தார்கள். நேரடித் தேர்தலுக்கு ராணுவ ஆட்சி இணங்கியது. அதைத் தொடர்ந்து ஜூலை முதல் செப்டம்பர் வரை நாடெங்கும் 3,000-க்கு மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் வெடித்தன. வாக்குரிமையைத் தொழிலாளி தன் ஆலைக்குள்ளும் கொண்டு போனான். மறு ஆண்டு ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. விருந்தாளிகளின் கண்ணில் படக்கூடாதென்று குடிசைகள் இடிக்கப்பட்டதையும் நாம் மறக்கலாகாது.

2024 டிசம்பர்

2024 டிசம்பர் 3 இரவு சுமார் பத்தரை மணிக்கு, ஜனாதிபதி யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். அரசியல் நடவடிக்கைக்குத் தடை, கூட்டத்துக்குத் தடை, வேலைநிறுத்தத்துக்குத் தடை, பத்திரிகைகள் ராணுவத்தின் பிடியில்! ஹெலிகாப்டரில் சிப்பாய்கள் நாடாளுமன்றத்தில் இறங்கினார்கள். ஆனால் இம்முறை ஜனங்கள் வீட்டுக்குள் ஒளியவில்லை. வாசலில் திரண்டு வாகனங்களை மறித்தார்கள். அங்கத்தினர்கள் சுவரேறிக் குதித்து உள்ளே போனார்கள். இரவு ஒரு மணிக்கு 190 பேர் கூடி, 190 பேரும் ராணுவச் சட்டத்தை ரத்து செய்ய வாக்களித்தார்கள். விடியுமுன் அது வாபசாயிற்று. காலையில் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்த அறைகூவல் விடுத்தன. 14-ம் தேதி 204 வாக்குகளால் யூன் மீது குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேறியது.

அப்போதுதான் தெற்குக் கிராமங்களிலிருந்து டிராக்டர்கள் புறப்பட்டன. நெல்லுக்கு நியாய விலை கேட்டவர்கள் அவர்கள். அதற்கான மசோதாவை யூன் 2023-ல் நிராகரித்திருந்தார். பொறுப்பு ஜனாதிபதியும் டிசம்பர் 19 அன்று மறுபடி நிராகரித்தார். அந்த விவசாயிகள் தங்கள் அணிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஜொன் போங்-ஜுன் போராட்டப் படை'! 130 ஆண்டுக்கு முன் கணவாயில் விழுந்தவரின் பெயர்!

டிசம்பர் 21 அன்று, சியோலின் தெற்கு எல்லையிலுள்ள நாம்தேரியோங் கணவாயில், போலீஸ் பஸ்களை மதில் போல் நிறுத்தி மறித்தது. மறுபடியும் ஒரு கணவாய். மறுபடியும் சாத்திய வாசல்! ஆனால் செய்தி பரவியதும் நகரத்து ஜனங்கள், அதிலும் வாலிபப் பெண்கள், ஆயிரக்கணக்கில் அங்கே ஓடி வந்தார்கள். கடும் குளிரில் இரவு முழுவதும் விவசாயிகளோடு அமர்ந்தார்கள். வர முடியாதவர்கள் சாப்பாடும் சூடும் அனுப்பினார்கள். ஏறத்தாழ 28 மணி நேரம் கழித்து போலீஸ் வழி விட்டது. பத்து டிராக்டர்கள் ஜனாதிபதி மாளிகை இருந்த பகுதி வரை சென்றன. 1894-ல் எட்டாத வாசலை விவசாயி 2024-ல் எட்டினான்.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? 1894-ல் விவசாயி தனியாக நடந்தான். நகரம் மதிலுக்குள் இருந்தது. 2024-ல் நகரம் வெளியே வந்து அவன் கையைப் பிடித்தது. அந்த நகரத்து ஜனங்களில் பெரும்பாலோர் யார்? நெல் விலையில்லாமல் ரயிலேறி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள்தானே!

நமது கடமை

2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் யூனைப் பதவியிலிருந்து நீக்கியது. ஜூன் 3 தேர்தலில் வென்ற லீ ஜே-மியொங், சிறுவயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் கை நசுங்கியவர். ஆகஸ்டில் நெல் விலை குறித்த சட்டம் நிறைவேறியது. காண்ட்ராக்ட் தொழிலாளி, தன் வேலையை உண்மையில் நடத்தும் பெரிய கம்பெனியோடு பேசும் உரிமையும், வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போடுவதற்கு வரம்பும் அதே மாதம் சட்டமாயின. இவை சொர்க்கம் அல்ல. தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஜனாதிபதியானதால் தொழிலாளர் ஆட்சி வந்துவிட்டதென்று நாம் ஏமாற மாட்டோம். 2016-ல் சியோலின் சுரங்க ரயில் நிலையத்தில், நடைமேடைக் கதவைத் தனியாகப் பழுது பார்த்த 19 வயது காண்ட்ராக்ட் தொழிலாளி ரயிலில் அடிபட்டு மாண்டான். பையில் சாப்பிடாத நூடுல்ஸ் கிண்ணம் இருந்தது. 2022 ஆகஸ்ட் மழையில், தரைக்குக் கீழே உள்ள அறைகளில் குடியிருந்த ஏழைகள் வெள்ளத்தில் மூழ்கினார்கள். 'அற்புதம்' யாருக்கு என்பது இதிலிருந்தே விளங்கும்.

சியோல் நமக்குத் தூரத்து ஊரும் அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் கம்பெனியின் தலைமைக் காரியாலயம் சியோலில்தான் இருக்கிறது. 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள், சங்கத்தை அங்கீகரி என்று கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்தக் கம்பெனியின் தலைமையிடம் சியோலுக்கு அருகிலுள்ள சுவோன் நகரம். முதலாளி கடல் தாண்டி வருகிறான். தொழிலாளியின் அனுபவமும் கடல் தாண்டி வர வேண்டாமா?

அந்த அனுபவம் சொல்வது இதுதான். புத்தகத்தில் உள்ள சட்டம் தானாக நடந்து பட்டறைக்குள் வராது; அதைக் கைப்பிடித்து அழைத்து வர சங்கம் வேண்டும். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தனித்தனியாக நடந்தால், வழியில் ஒரு கணவாய் காத்திருக்கும். சேர்ந்து நடந்தால் வாசல் திறக்கும்.

மதிலைக் கட்டியவன் எவனோ, நகரம் அவனுடையது. சியோலின் கற்களில் வெட்டியிருக்கும் ஊர்ப் பெயர்களே அதற்குச் சாட்சி. தங்கள் தலைநகரின் வாசலைத் தாங்களே திறந்த கொரிய விவசாயிகளுக்கும், தொழிலாளர்களுக்கும், வாலிபப் பெண்களுக்கும் நமது வாழ்த்துக்கள்!